சோளகன் எழுதிய பதினொரு கதைகள்

குருநகர் பெர்னடெட்டுக்கு அந்தச் செய்தி அவள் வேலை செய்யும் நண்டுக் கொம்பனியில் வைத்துத்தான் வந்தது. காலைத் தேத்தண்ணி நேரம். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தால், கனடாவில் இருக்கும் அண்ணன் மகள் லவீனா ஒரு புத்தக அட்டையின் படத்தை அனுப்பியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் கண்ணை மூடிய லெனாட் அண்ணை அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'சோளகன் கதைகள்' என்றும் கீழே அண்ணையின் பெயரும் இருந்தன.

கூடவே குரல் செய்தி ஒன்று. "மாமி, அப்பா எழுதின பதினொரு கதையும் கிடைச்சிட்டுது. புத்தூர்க் கனகசபாபதி மாஸ்ரர்தான் பழைய பேப்பருகளிலை தேடி எடுத்துத் தந்தவர். அடுத்த மாதம் உங்கடை பங்கு மண்டபத்திலை வெளியீடு. நானும் வாறன்."

பெர்னடெட் அதை மூன்று தரம் கேட்டாள். பதினொரு கதையையும் எழுதியது அவள்தான்.

முதல் கதை எழுதும்போது அவளுக்குப் பதினெட்டு வயது. லெனாட் அண்ணை பத்திரிகைக் கந்தோருக்குப் பக்கத்து அச்சகத்தில் வேலை செய்தார். தங்கச்சியின் கொப்பியை வாசித்துவிட்டு, "நல்லாக் கிடக்கு. ஆனா உன்ரை பேரைப் போடேலாது. நாளைக்குக் கலியாணம் பேசேக்கை ஊர் என்ன கதைக்கும்?" என்றார். அன்றைக்குக் காற்று அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று. 'சோளகன்' என்று பெயர் வைத்தது இரண்டு பேரும் சேர்ந்துதான். அண்ணை கதையைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும். இரண்டு பேரும் குசினிக்குள் நின்று வாசிப்பார்கள். கந்தோரில் அண்ணையைச் 'சோளகன்' என்று கூப்பிட்டபோது அவர் மறுக்கவில்லை. மறுத்தால் பிறகு ஆர் என்று கேட்பார்களே.

பேதுருவைக் கட்டிய பிறகும் அவள் எழுதினாள், அவனுக்குத் தெரியாமல், அண்ணை வீட்டுக்குப் போகிற நாட்களில். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுதென்று எல்லாரும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது கொப்பிகள் றங்குப்பெட்டியிலேயே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. அதற்குள் அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடும் கடலுக்குப் போகிற புருசனோடும் அவளுடைய எழுத்து நின்றது. "இஞ்சையும் என்னை எழுத்தாளன் எண்டுதான் கூப்பிடுறாங்கள், சிரிப்பாக் கிடக்கு" என்று அண்ணை ஒருமுறை கடிதம் போட்டார். அவளும் வாசித்துச் சிரித்தாள். அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனாள். கனகசபாபதி மாஸ்ரர் கதிரை போட்டு இருத்தி, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மரியாதையாகத்தான் விசாரித்தார்.

"கொப்பி ஏதும் கிடக்கோ பிள்ளை?"

"இல்லை மாஸ்ரர். எல்லாம் இடம்பெயரேக்கை போட்டுது."

"கடிதம்? ஆரும் கண்ட சாட்சி?"

"அண்ணை ஒருத்தர்தான்."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோளகன்ரை கதையள் வந்த தாளிலை கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் எண்டு அச்சகத்து ஆக்கள் சொல்லுறவை. நீங்கள் வடிவாப் பாத்தெழுதிக் குடுத்திருப்பியள். அதுவும் ஒரு தொண்டுதான்."

"பாத்தெழுதேல்லை. நான் எழுதினனான்."

அவர் தன் முன்னுரையை எடுத்து வாசித்துக் காட்டினார். ஏழாவது கதையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிள்ளை செத்துப் பிறந்த பிறகு ஒருத்திக்குப் பால் கட்டுகிறது. பால் வற்றட்டும் என்று அவளுடைய மாமியார் மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டிவிடுகிறாள். பூ வாடுகிறது, பால் நிற்கவில்லை. 'ஓர் ஆண்மகன் பெண்ணின் உடம்பையும் மனதையும் இவ்வளவு ஆழமாக அறிந்திருந்தது நம் இலக்கியத்தின் அதிசயம்' என்று அந்தப் பக்கம் முடிந்தது.

"அது எனக்கு நடந்தது மாஸ்ரர்," என்றாள் பெர்னடெட். "தொண்ணூற்றொண்டிலை. என்ரை மூத்த பிள்ளை."

மாஸ்ரர் பேனையைத் திறந்தார். "கவலையான விஷயம். தங்கச்சியின்ரை துக்கத்தைத் தன்ரை துக்கமா எடுத்து எழுதியிருக்கிறார் பாருங்கோ. அதையும் ஒரு வரி சேர்க்கிறன்."

பஸ்சில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

லவீனாவிடம் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை. வீடியோவில் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

லவீனா, "அப்பா பொய் சொன்னவர் எண்டு சொல்லுறியளோ மாமி?" என்றாள்.

"அவர் பொய் சொல்லேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் மறைச்சனாங்கள்."

"அப்ப அவர் உயிரோடை இருக்கேக்கை ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை? இப்ப அவரிட்டை ஆர் போய்க் கேக்கிறது?"

தொடர்பு அறுந்தது. சிக்னலா, அவளா என்று தெரியவில்லை.

வெளியீட்டு நாளில் மேடையில் ஏழு ஆம்பிளைகள் இருந்தார்கள். லவீனா கறுப்புச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. சோளகனின் பெண்மொழி என்று ஒருவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு "அன்புச் சகோதரி" என்று பெர்னடெட்டைக் கூப்பிட்டு முதல் பிரதியை நீட்டினார்கள். அவள் அதை வாங்கவில்லை. ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனாள்.

"இந்தக் கதையள் நான் எழுதினது. என்ரை அண்ணை கொண்டுபோய்க் குடுத்தவர், அவ்வளவுதான்."

மண்டபம் அமைதியானது. ஒரு கணம், கேட்டுவிட்டார்கள் என்று அவள் நம்பினாள். ஆனால் தலைமை வகித்தவர் மெல்ல முழங்கையைப் பிடித்து, "இருங்கோ, இருங்கோ" என்று கதிரைக்கு நடத்திப் போனார். ஆரோ சோடாப் போத்தலை உடைத்துக் கையில் வைத்தார்கள். பின்வரிசையில் ஒரு பொம்பிளை சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது: "பாவம், தமையனிலை உயிர். மனுசி தாங்கமாட்டாமல் பிதற்றுது."

அவளுக்கென்று பத்துப் பிரதிகளைக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெர்னடெட் நீலப் பேனை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளட்டையில் இருந்த அண்ணையின் பெயரைக் கோடு போட்டு வெட்டி, 'பெர்னடெட் பேதுரு' என்று எழுதினாள். ஒன்றை வாசிகசாலைக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "கிறுக்கின புத்தகம் எடுக்கிறேல்லை அம்மா. சுத்தமான பிரதி ஒண்டு மாஸ்ரர் தந்தவர், அது புத்தக ராக்கையிலை கிடக்கு" என்றார்.

மிச்சத்தை எங்கே கொண்டுபோவது? கொம்பனிக்குக் கொண்டுபோய், மேசையில் எதிரே இருந்து நண்டு உடைக்கும் மார்கிரட்டிடம் ஒன்றைக் கொடுத்தாள். மார்கிரட் வெளியீட்டுக்கு வந்திருந்தவள்.

"அண்டைக்கு நீங்கள் சொன்னது உண்மையே அக்கா?"

"ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தனீங்கள்?"

பெர்னடெட்டுக்குக் கோபம் வந்தது. கலியாணம், ஊர், பேதுரு, ஓடின ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் பேதுரு செத்தும் ஏழு வருடமாகிறது. இந்த ஏழு வருடத்துக்கு அவளிடம் காரணம் இல்லை.

மூன்றாம் நாள் தேத்தண்ணி நேரத்தில் மார்கிரட் புத்தகத்தோடு வந்தாள். ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

"மற்றதெல்லாம் சரி அக்கா. இந்த நாலாம் கதையிலை அந்தப் பெட்டையை ஏன் கிணத்துக்கை தள்ளினீங்கள்? புருசன் அடிச்சால் உடனை சாகவேணுமே? எனக்குப் பிடிக்கேல்லை."

"அந்தக் காலத்திலை அவளுக்கு வேறை வழி இல்லை."

"வழி இல்லையெண்டு நீங்கள்தானே முடிவு கட்டினனீங்கள். நான் சாகேல்லையே."

இவ்வளவு பேர் அந்தக் கதைகளைப் புகழ்ந்திருக்கிறார்கள், எல்லாம் அண்ணையிடம். எழுதினவள் என்று நினைத்து அவளோடு சண்டைக்கு வந்தது மார்கிரட் ஒருத்திதான். பெர்னடெட்டுக்கு முகம் சூடேறியது. கதிரையை இழுத்துப் போட்டு, புத்தகத்தைப் பறித்து, "நீ முதல் பக்கத்தை ஒழுங்கா வாசிக்கேல்லை" என்று தொடங்கினாள். வேலைக்கு மணி அடித்தது. இருவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, அதே வாக்குவாதத்தோடு உள்ளே போனார்கள்.