ஒரு தகடு, இரண்டு உடம்பு

கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்த எஃகுத் தகடு. ஆள் முதுகு அளவு இருக்கும். நடுவில் நெட்டுக்கு ஒரு மடிப்பு, ஓரங்களில் வார் கோக்க நீளநீளமாய்த் துளைகள். மாமா அதை இறக்கி என் கையில் கொடுத்தார். நான் அடுப்படியில் தூக்குகிற தோசைக்கல்லை விடக் கனம் குறைவுதான். ஆனால் தோசைக்கல்லை முதுகில் கட்டிக்கொண்டு யாரும் கடலுக்குள் இறங்குவதில்லை. கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். “என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணப் பாத்த மாதிரி முழிக்கிற?” என்று மாமா சிரித்தார். நான் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமா என்றால் என் அக்காள் கணவர். குபெர்டினோவில் கம்ப்யூட்டர் வேலை. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். சன்னிவேலில் ஒரு ஓட்டலில் சமையல். தங்கியது அவர்கள் அபார்ட்மென்டில், ஹாலில். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். மாமா ஆபீஸ் சிநேகிதர் ஒருவரோடு சேர்ந்து கடலுக்கடியில் போகப் பழகியிருந்தார். அந்தச் சிநேகிதர் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார். கடலுக்கடியில் தனியாகப் போகக் கூடாது, ஜோடி வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மாமா தனியாகவே போவேன் என்று நின்றார். சொன்னால் செய்கிற ஆள்.

அக்காதான் என்னைக் கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அடுப்பைக் குறைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள். “கத்திப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். அவரு நிறுத்த மாட்டாரு. நீ கத்துக்கிட்டு அவரோட போ.”

“எனக்குக் கடல்னா பயம்க்கா.”

“பயந்தவன்தான் பாத்துப் பாத்து இருப்பான். அதுக்குத்தான் உன்ன அனுப்புறேன். அவர முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிராத, ரோஷப்படுவாரு.”

எங்கள் விருதுநகர்ப் பக்கம் கிணற்றில் நீந்தியிருக்கிறேன். கிணறு என்றால் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் உண்டு. கடலுக்குச் சுவர் இல்லை. இதை நான் அக்காளிடம் சொல்லவில்லை. நீச்சல் குளத்தில் வகுப்புக்குப் போனேன். வாயில் குழாயை வைத்துத் தண்ணீருக்கடியில் முதல் மூச்சு இழுத்தபோது, இழுத்தது வருமா வராதா என்று பயந்தேன். வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் அதே பயம்தான். பழகினால் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

முதலில் இரண்டு பேரும் வாடகை ஜாக்கெட்தான் போட்டோம். உள்ளே காற்று அடைத்தால் மிதக்கும், வெளியே விட்டால் இறங்கும். அதில் எனக்கு ஒரு கஷ்டம். காற்று அடைத்ததும் ஜாக்கெட் வயிற்றையும் நெஞ்சையும் சுற்றி நெருக்கும். பயத்தில் ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவனுக்கு அது போதாதா? மாமாவிடம் சொன்னபோது அவர் கண் பளபளத்தது. அவர் காத்திருந்தது இதற்குத்தான். முதுகுக்கு ஒரு தகடு, தகட்டுக்கும் மூச்சுக் காற்று டேங்க்குக்கும் நடுவில் குதிரை லாடம் போல ஒரு காற்றுப் பை, பைக்குப் பெயர் விங். முன்பக்கம் வெறும் வார்தான், நெஞ்சில் ஒன்றும் அமுக்காது. ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்படித்தான் நாங்கள் சான் ஹோசேயில் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடைக்காரம்மா வெயிலில் வெந்த முகமும் நரைத்த பின்னலுமாக இருந்த வெள்ளைக்காரி. அவசரப்படாமல் பேசினாள், அதனால் பாதி எனக்கும் புரிந்தது. அலுமினியத் தகடும் உண்டு, எஃகும் உண்டு. இந்தப் பக்கத்துக் கடல் குளிர், தடித்த ரப்பர் உடுப்பு போட வேண்டும், அந்த உடுப்பு ஆளை மேலே தள்ளும், அதனால் இங்கே எஃகின் கனம் நல்லது என்றாள். விங்கில் மாமா பெரியதைக் கேட்டார். பெரிதாக இருந்தால் பத்திரம்தானே என்பது அவர் கணக்கு. அவள் பெரிய பையை ஒரு டேங்க்கில் கட்டி ஊதிக் காட்டினாள். பூரி மாதிரி உப்பி, இரண்டு ஓரமும் டேங்க்கைச் சுருட்டிப் பிடித்தது. சுருண்ட இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும், வேண்டியபோது வெளியே வராது என்றாள். உன்னையும் உன் சுமையையும் தூக்கினால் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று சின்னதை எடுத்து வைத்தாள்.

மூழ்குவதற்கான ஈயத்தை முழுக்கத் தகட்டிலேயே மாட்டிவிடலாமா என்று மாமா கேட்டார். அவர் ஒல்லி, ஈய பெல்ட் இடுப்பெலும்பில் அழுத்தும். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஒரு பங்கு பெல்ட்டில் இருந்தே ஆக வேண்டும், ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கழற்றி விடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அப்புறம் என் தொப்பையைப் பார்த்தாள். எனக்கு மட்டும் கூடுதல் ஈயம் வேண்டும். தகட்டின் மடிப்பில் உட்கார்கிற நீள ஈயக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். முடுக்கிவிட்டால் தகட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவில் மறைந்துவிடும்.

எத்தனை செட் என்று கேட்டாள். ஒன்று என்றார் மாமா. அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “பாரு, ஒரே வார்தான் முழுசும் ஓடுது. யாருக்கு வேணா அட்ஜஸ்ட் பண்ணலாம். ஒரு வாரம் நீ போடு, நான் ரெண்டல் ஜாக்கெட். அடுத்த வாரம் மாத்திக்கலாம். ரெண்டு எதுக்கு?”

அது எங்களுக்குப் புதிதல்ல. அந்த அபார்ட்மென்டில் நம்மவர் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே கிரைண்டர்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அரைத்தால் சனிக்கிழமை எதிர்வீட்டுக்குப் போகும். ஒரு தொட்டிலில் எத்தனை குழந்தைகள் படுத்தன என்று யாருக்கும் தெரியாது. அக்காளுக்கு வரப் போகிற பிள்ளைக்கும் அதே தொட்டில்தான் வந்திருந்தது. சும்மா கிடக்கிற சாமானை இன்னொருவர் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு? ஆனால் கிரைண்டர் யார் மாவு என்று பார்க்காது. இந்தத் தகடு யார் உடம்பு என்று பார்க்கும், அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டு ஹாலில் என்னைப் பனியனோடு நிறுத்தி மாமா வார் கோத்தார். துளை வழியே இழுத்து, மடித்து, திரும்ப இழுத்து. அக்கா சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “கழுதைக்குப் பொதி கட்டுற மாதிரி இருக்கு,” என்றாள்.

“உன் தம்பி தொப்பைக்கு வாரே பத்தல. நான் என்ன செய்ய?”

“என் தம்பி உங்க வீட்டுச் சோத்தத்தான திங்கிறான்.”

“அதான் சொல்றேன். குத்தம் சமைக்கிறவ மேல.”

சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை சிரிக்கவில்லை.

மாமா ஒரு விஷயத்தில் கறார். அவர் கட்டியதை இன்னொருவர் தொடக் கூடாது. என் முறை வந்தால் வாரைத் தளர்த்தி ஈயக் கட்டியை வைப்பார். அவர் முறை வந்தால் வாரை இறுக்கிக் கட்டியை எடுப்பார். நான் கை வைத்தால், “நீ சாம்பாரப் பாத்துக்க” என்பார்.

அன்று மான்டரே கடற்கரையில் பனிமூட்டம். கடல்சிங்கங்கள் பாறையில் கிடந்து குரைத்துக்கொண்டிருந்தன. தகடு அவர் முறை, எனக்கு ஜாக்கெட். ஆபீஸில் ஏதோ தகராறு, வழி முழுக்க அவருக்கு அதே யோசனை. பார்க்கிங்கில் வேகமாகக் கட்டினார். மணலில் நடக்கும்போது, “என்னடா இன்னைக்கு இப்படிக் கனக்குது,” என்றார். தூக்கம் இல்லாததுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். இறங்கினோம்.

அடியில் மணல் சரிவு. கொஞ்ச தூரம் போனால் பச்சை, அதற்கப்பால் கறுப்பு. வழக்கமாக அவர் முன்னால் நீந்துவார், நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டே போவேன். அன்று அவர் நீந்தவில்லை, நின்றுகொண்டு உதைத்தார். உதைக்க உதைக்க மணல் கிளம்பிற்று, ஆள் மட்டும் மேலே வரவில்லை. சரிவில் கறுப்புப் பக்கமாக இறங்கிக்கொண்டே இருந்தார். இடது கையால் நெஞ்சைத் தடவினார். விங்குக்குள் காற்று விடுகிற குழாய் எப்போதும் அங்கே தோள் வாரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருக்கும். அன்று இல்லை. போன வாரம் எனக்காக வாரை மாற்றியபோது வளையம் கழன்றிருக்கிறது. குழாய் அவர் தலைக்குப் பின்னால் பாம்பு மாதிரி மிதந்தது. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

அதைப் பிடித்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் என் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். கண்ணாடிக்குள் அவர் கண்ணைப் பார்த்தேன். அது மாமாவின் கண் இல்லை. யாரையும் தெரியாத கண். அவரோடு சேர்ந்து நானும் இறங்கினேன். காதுக்குள் வலி ஏறிற்று. என் ஜாக்கெட்டில் காற்று அடைக்கிற பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது என் நெஞ்சை நெருக்கிற்றே தவிர இரண்டு பேரையும் தூக்கவில்லை. அவரை உதறிவிட்டால் நான் மட்டும் மேலே போய்விடுவேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தொட்டில் ஞாபகம் வந்தது. என் கை அவர் இடுப்பைத் தேடி, பெல்ட்டின் கொக்கியைப் பிடித்து இழுத்தது. நான் யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஈயம் கறுப்புக்குள் போய்விட்டது.

உடனே ஏறத் தொடங்கினோம். மெதுவாக ஏற வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஏறிய வேகத்தில் அது ஒன்றுதான் நினைவிருந்தது. ஜாக்கெட்டிலிருந்து காற்றை விட வேண்டும் என்பது நினைவில் இல்லை. வாயில் குழாயை வைத்தபடி ஊது ஊது என்று ஊதினேன். மாமா ஊதுகிறாரா என்று குமிழியைப் பார்த்தேன். வரவில்லை. அவர் வயிற்றில் முழங்கையால் குத்தினேன். குமிழி வந்தது.

மேலே வந்ததும் அவர் இருமினார், வாந்தி எடுத்தார். நான் அவர் வாரைப் பிடித்துக்கொண்டு கரைக்கு இழுத்தேன். மணலில் ரொம்ப நேரம் கிடந்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் எழுந்து டேங்க்கைக் கழற்றினார். தகட்டின் மடிப்பில் எனக்கான ஈயக் கட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் அவர் பெல்ட்டையும் முழுசாகக் கட்டியிருந்தார். கட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

“அக்காகிட்ட சொல்லாத,” என்றார்.

“சொல்லல மாமா.”

வீட்டில் அக்கா ரசம் ஊற்றினாள். கடலில் பார்த்த மீன்களைப் பற்றி எப்போதும் கதை சொல்கிற மாமா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். இன்றுவரை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எல்லோரும் டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில் இருக்கிறோம். கடல் வெகு தூரம். மாமாவுக்கு முழங்கால் போய்விட்டது. அந்தத் தொட்டிலில் கிடந்தவள் காலேஜ் முடித்துவிட்டாள். எனக்கு மட்டும், மாமா குளிக்கப் போய்க் கொஞ்ச நேரமானால், தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை காது அங்கேயே இருக்கும்.

கடலில் அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டால் எனக்கும் விடுதலை. அடுத்த சனிக்கிழமை, “கிளம்பு,” என்றார். கார் மான்டரே பக்கம் போகவில்லை, கடைக்குப் போனது. கடைக்காரம்மாவிடம் இன்னொரு தகடு, இன்னொரு விங் கேட்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வாரை அவளே கோத்துத் தர வந்தாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

என்னைக் கடை நடுவில் நிறுத்தி அவரே கோத்தார். என் தோளுக்கு, என் தொப்பைக்கு. ரப்பர் வளையத்துக்குள் குழாயை நுழைத்து இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். கொக்கி முதல் தடவையில் மாட்டவில்லை. கடைக்காரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இது உனக்குத்தான். யாரும் தொட மாட்டாங்க,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இறுக்குதா?”

“இல்ல மாமா.”

“மூச்சு விடு, பாப்போம்.”

விட்டேன். “இன்னொன்னு,” என்றார். கையை வாரிலிருந்து எடுக்கவில்லை.