பாதியாக அறுத்த முகட்டு ஓடு

எங்கள் அப்பாவைப் போல முகட்டு ஓட்டை நெடுக்காக இரண்டாக அறுத்தவர் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வளைந்த ஓடு அது. கூரையின் இரண்டு சரிவும் கூடுகிற உச்சியில், இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாகக் கவிழ்ந்து உட்கார்ந்தால்தான் அதற்கு வேலை. அதைத்தான் அப்பா வாசலில் உட்கார்ந்து ஆக்ஸா பிளேடால் அறுத்தார். எங்கள் சரிவுக்கு எங்கள் பாதி போதும் என்றார். மீதிப் பாதிகளைக் கூரைக்கு மேலாகப் பின்பக்கம் வீசினார். அங்கே பெரியப்பா குடியிருந்தார்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது முகட்டுக்கு நேர் கீழே ஒரு மண்சுவரை எழுப்பினார்கள். முன்சரிவு தம்பிக்கு, பின்சரிவு அண்ணனுக்கு என்று தெருப் பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்து பத்திரம் எழுதினார்கள். கிணற்றை எழுதினார்கள், முருங்கை மரத்தைக்கூட விடாமல் எழுதினார்கள். முகடு யாருக்கு என்று எழுத ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெருவுக்கு முதல் விசைத்தறி வந்த வருஷம், ஆடிக் காற்று அந்த முகட்டைப் பிரித்துப் போட்டது. நான் அப்போது நாலாம் வகுப்பு. முகட்டில் ஏறினால் என் சரிவில் கால் வைத்ததாகும் என்று இவர் சொல்ல, அதையே அவரும் சொல்ல, பேச்சு வேட்டியை மடித்துக் கட்டுகிற அளவுக்குப் போனது. அப்புறம்தான் அப்பா ஓட்டை அறுத்தார். ஒற்றைக் காலில் நின்ற பாதி ஓடுகள் பத்தே நாளில் வழுக்கி விழுந்தன. பெரியப்பா சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. அவர் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? தன் கொல்லையில் அப்பா வீசிய பாதிகளை அப்படியே குவித்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். மழை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் அண்ணன் தம்பி இருவரும் ஒற்றுமை. எங்கள் ஊர் வானத்தை நம்பி அப்படிச் சொல்லலாம்தான்.

மழை வந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. முகடு திறந்து கிடந்தால் தண்ணீர் நேராக அந்த மண்சுவரின் தலையில் இறங்கும். ஊறிய சுவர் முன்னால் சரிந்தால் எங்கள் தறி போகும், தறியில் ஏற்றிய பாவு நூல் போகும். பின்னால் சரிந்தால், அதை ஒட்டிப் படுக்கிற பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகள். அம்மா இதை அப்பாவிடம் மூன்று முறை சொன்னாள். அண்ணன் வந்து கேட்கட்டும் என்றார் அவர். பின்வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

பெரியம்மா வேறு யாரும் இல்லை, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது. பாகம் பிரிந்த பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று கணவன்மாரின் உத்தரவு. பேசினால் போய்ச் சொல்வதற்குத் தெரு முழுக்க ஆள் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காரியாபட்டிப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க அப்பாவும் பெரியப்பாவும் போனார்கள். ஒரே பஸ்ஸில்தான், ஒருவர் முன் சீட்டில், ஒருவர் கடைசி சீட்டில். பஸ் போன கையோடு அம்மா பாளையம்பட்டியிலிருந்து தள்ளுவண்டியில் புது முகட்டு ஓடுகளைக் கொண்டுவந்து இறக்கி, தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டாள். கீழ்வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஓட்டைத் தலையில் வைத்து ஏணியில் ஏறினாள்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, பொம்பளை கூரை ஏறுவது குடும்பத்துக்கு ஆகாது, இறங்கு என்று அதட்டினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆம்பள ஏறுன லட்சணம் கீழ ஒடஞ்சு கெடக்கு மாமா. அதப் பாத்துக்கிட்டு இருங்க, நான் மூடிட்டு வாரேன்."

அந்த நேரம் பார்த்துப் பின்சரிவில் பெரியம்மாவின் தலை எழும்பியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள். ஆனால் சண்டை என்று வந்தால் தமிழ்தான், நாலு தெருவுக்கும் விளங்க வேண்டுமே. "நாலு ஓட்டுக்கு ஒறவ அறுத்தவதானடி நீ" என்று அம்மா கத்தினாள். பெரியம்மா அதற்கு மேல் கத்தினாள். தெரு கூடிவிட்டது. இனி இவர்களைப் பிடித்து இறக்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. வேடிக்கை அவ்வளவு நன்றாக இருந்தது.

நான் தறிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். முகட்டுச் சந்தில் கறுத்த வானமும் நாலு கைகளும் தெரிந்தன. ஓடு எங்களுடையது. பெரியம்மா சுண்ணாம்புக் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பங்குக்கு நிற்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா ஓர் ஓட்டைக் கவிழ்ப்பாள். பெரியம்மா விடாமல் அதன் அந்தப் பக்கத்துக் காலில் கலவையை அப்புவாள். கடைசி ஓடு நீளம் மிஞ்சியது. அம்மா சாயநூலை நனைத்து ஓட்டைச் சுற்றிக் கட்டினாள், கோடு பதிந்ததும் குறுக்கே பிளேடை வைத்தாள். பெரியம்மா மறுமுனையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஓடு இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து ஆடியது.

ஒருமுறை அம்மாவின் கால் வழுக்கியபோது பெரியம்மா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். தள்ளிவிடப் பார்க்கிறாள் பாவி என்றே நினைத்தேன். நடுநடுவே இருவரும் தெலுங்கில் முணுமுணுத்தது காதில் சரியாக விழவில்லை, தெருவில் சொல்ல முடியாத கெட்ட வார்த்தையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மறுபடி அந்த 'ஒறவ அறுத்தவ'ளைச் சத்தமாகச் சொன்னதும் பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்கினாள். அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதோடு கடைசிச் சந்தும் மூடிக்கொண்டது.

பொழுது சாய மழை பிடித்தது. அப்பா நனைந்துகொண்டு வந்து, முகட்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"யாரக் கேட்டு ஏறுன?"

"மழையக் கேட்டு ஏறுனேன்" என்றாள் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நடந்த சண்டையைத் தெரு ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தது. மதினியின் வாயை அடைத்துவிட்டாள் என்ற பெருமையில் இன்னொரு பிடி சோறு அதிகமாகவே இறங்கியது. பின்வீட்டிலும் பெரியப்பா, தன் வீட்டுக்காரிதான் ஜெயித்தாள் என்று இருந்திருப்பார். மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நாலாம் நாள் காலை மழை ஓய்ந்தபோது தெருக்குழாயில் பெரியம்மா என் குடத்தைத் தூக்கிவிட வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அம்மா பின்னால் நிற்கிறாள் என்ற தைரியத்தில், "நாலு ஓட்டுக்கு ஒறவ அறுத்தவதான நீ" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

பெரியம்மாவின் முகம் செத்துப்போனது. தன் குடத்தை எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். அம்மா என்னை அறைந்தாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் சொன்ன வார்த்தையைத்தானே சொன்னேன், நம் பக்கம் பேசியதற்கா அடி என்று இரண்டு நாள் சாப்பிடாமல் வீம்பு பிடித்தேன். அந்த வீட்டில் பக்கம் பிரிந்து நின்றது அக்காவும் தங்கையும் இல்லை, அப்பாவும் பெரியப்பாவும், மூன்றாவதாக நானும்தான் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது.