லெட்டர் தட்டில் விழுந்த பத்தொன்பது பக்கம்

1. ஆறு தட்டு

டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த முதல் நாள் எடிட்டர் எனக்கு டைப்ரைட்டரைக் காட்டவில்லை. மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த ஆறு மரத்தட்டுகளைக் காட்டினார். பாறை, கனிமம், பூகம்பம் இதையெல்லாம் ஆராய்கிறவர்களுக்காக வெளிவந்த பத்திரிகை அது. பசவனகுடியில் ஒரு வாடகை வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஐம்பதுகளின் கடைசியில் நான் காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு எந்தெந்த வகைக் கட்டுரை அனுப்பலாம் என்று பின்னட்டையில் கம்பீரமாக அச்சிட்டிருக்கும். ஒரிஜினல் பேப்பர் என்றால் புதிய ஆராய்ச்சி. ஷார்ட் நோட் என்றால் சின்னக் கண்டுபிடிப்பு. ரிவ்யூ என்பது மற்றவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் ஒரே இலையில் பரிமாறுவது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஃபீல்ட் டிரிப் ரிப்போர்ட்டில் பாறைக்கு ஒரு பாரா என்றால் டிராவலர்ஸ் பங்களா சாப்பாட்டுக்கு நாலு பாரா இருக்கும். அப்புறம் புத்தக விமர்சனம். கடைசித் தட்டு லெட்டரும் டிஸ்கஷனும், அதாவது வந்த பேப்பரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது.

அட்டையில் அச்சிடாத விதி ஒன்று இருந்தது. அதை எடிட்டர் வாயால்தான் சொன்னார்.

"கவரைப் பிரிச்சதும் பேருக்குப் பின்னால என்ன போட்டிருக்குன்னு பாருங்கோ. டாக்டரேட் இருந்தா முதல் தட்டு. எம்.எஸ்ஸி.ன்னா ஷார்ட் நோட். ஒண்ணுமே இல்லேன்னா லெட்டர்."

"உள்ளே இருக்கிறதைப் படிக்க வேண்டாமா சார்?"

"அதுக்குத்தானேம்மா நான் இருக்கேன்."

அவர் எங்கே படித்தார்! ஒரிஜினல் பேப்பருக்கு மட்டும் 'வந்த தேதி' ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. அந்தத் தேதி கட்டுரையின் அடியில் அச்சாகும். ஒரே விஷயத்தை இரண்டு பேர் எழுதினால் முதலில் கண்டவர் யார் என்று அதை வைத்துத்தான் உலகம் முடிவு செய்யும். லெட்டருக்கு ஸ்டாம்ப் கிடையாது. "கடுதாசிக்கெல்லாம் எதுக்கும்மா தேதி?" என்பார்.

2. பேருக்குப் பின்னால் ஒன்றுமில்லாதவர்

ஒரு ஜூன் மாதம் கோலார் தங்கவயலிலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கனத்த கவர் வந்தது. தபால்காரர் நீட்டிய அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்; அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். உள்ளே கையால் எழுதிய பத்தொன்பது பக்கமும், டிரேசிங் துணியில் இழைத்த நான்கு வரைபடமும் இருந்தன. எழுதியவர் பெயர் முனிரத்தினம், வேலை சாம்பிளர். சுரங்கத்துக்குள் இறங்கி, பாறையை உடைத்துச் சோதனைக்குக் கொண்டுவருகிறவர்.

பேருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. லெட்டர் தட்டில் போட்டேன். அதற்குள் எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டிருந்தது. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் எழுதியிருந்தது இதுதான். ரீஃப் என்கிற தங்கம் ஓடும் பாறை நரம்பைக் கறுப்புப் பாறைச் சுவர் ஒன்று குறுக்கே வெட்டும். அதற்கு அப்பால் ரீஃப் எந்தப் பக்கம் விலகிப் போகிறது என்பதில் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் பதினோரு வருஷம் ஒவ்வொரு மட்டத்திலும் இறங்கி அளந்து, எப்போதும் ஒரே பக்கம்தான் விலகுகிறது, ஆழம் கூடக்கூட விலகலும் கூடுகிறது என்று கணக்கோடு காட்டியிருந்தார்.

சனிக்கிழமை தோறும் எங்கள் பத்திரிகைக் கமிட்டி மெம்பரான ஒரு புரொபசர் காபி குடிக்க வருவார். லெட்டர் தட்டைக் கிளறுவது அவருக்குப் பொழுதுபோக்கு. "இதைக் கொஞ்சம் படிச்சுட்டுத் தரேன்" என்று அந்தக் கவரைக் கொண்டுபோனார். இரண்டு வாரம் கழித்துத் திருப்பி வைத்தார். நவம்பரில் அவரிடமிருந்தே ஒரு ஒரிஜினல் பேப்பர் வந்தது. டைப் அடிக்கும்போது பார்த்தால் அதே கறுப்புச் சுவர், அதே விலகல், அதே நான்கு படம். முனிரத்தினம் பெயரைத்தான் காணோம். இந்த மனிதர் தங்கவயலுக்குப் போனதே கிளப்பில் விருந்து சாப்பிடத்தான். அந்தப் பேப்பருக்கு வந்த அன்றே ஸ்டாம்ப் போட்டாயிற்று.

3. கார்டு

அடுத்த இதழில் வரப்போகும் கட்டுரைகளின் பட்டியலில் தன் விஷயமே புரொபசர் பெயரில் இருப்பதைச் சுரங்க லைப்ரரியில் பார்த்துவிட்டு, முனிரத்தினம் லீவு போட்டு ரயிலேறி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. எடிட்டர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க அனுப்பினது லெட்டர் தானேய்யா. வேணும்னா புரொபசர் பேப்பருக்கு டிஸ்கஷனாப் போடறேன். ரெண்டு பாரா."

"நான் கட்டுன வூட்ல அவுரு குடி பூந்துகினாரு. நான் வாசல்ல நின்னு வூடு நல்லாக் கீதுன்னு சொல்லணுமா சார்?"

"நீங்கதான் முன்னாடி எழுதினேள்னு என்ன ஆதாரம்?"

முனிரத்தினம் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் என் கையெழுத்து.

எடிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கவர் வந்ததுன்னுதான் இது சொல்றது. உள்ளே என்ன இருந்ததுன்னு சொல்லலியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?"

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் என்பதும் ஞாபகம் இருந்தது. "இல்லை சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்காக இன்றும் கூசுகிறேன்.

"போடுங்க சார், ரெண்டு பாராவே போடுங்க. என் பேராச்சும் எங்கனா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கார்டைப் பைக்குள் வைத்தார். வாசலில் என்னைப் பார்த்து, "மிஸ், இது உங்க கையெழுத்து தானே?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

4. புரூஃப்

எடிட்டர் உத்தரவுப்படி அந்தப் பத்தொன்பது பக்கத்திலிருந்து இரண்டு பாராவை நானே கத்தரித்தேன். சிக்பேட்டையில் இருந்த பிரஸ்ஸுக்குப் புரூஃப் கொண்டுபோவதும் நான்தான். எடிட்டர் புரூஃப் பார்ப்பது தன் பெயர் வரும் பக்கங்களை மட்டும். லெட்டர் பக்கத்தை அவர் தொட்டதே இல்லை. அது எனக்குத் தெரியும்.

பிரஸ்ஸில் உட்கார்ந்து, முனிரத்தினத்தின் இரண்டு பாராவுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: கையெழுத்துப் பிரதி வந்த தேதி. கார்டில் நான் போட்ட அதே ஜூன் தேதி. அச்சுக்கோக்கும் மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லெட்டருக்கு இது போடறது இல்லியேம்மா" என்றார். "இனிமே உண்டு அண்ணா" என்றேன்.

இதழ் வெளிவந்து தபாலிலும் போய்விட்டது. முன்பக்கத்தில் புரொபசரின் பேப்பர், வந்தது நவம்பர். கடைசிப் பக்கத்தில் அதன்மீது விவாதம், வந்தது ஜூன். உலகத்திலேயே பேப்பர் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே அதைப் பற்றி விவாதித்த ஒரே ஆள் முனிரத்தினம்தான். கல்கத்தாவிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரத் தொடங்கியது. புரொபசர் சனிக்கிழமை காபியை நிறுத்திக்கொண்டார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே!

எடிட்டர் இதழை என் மேஜையில் வீசினார். "யார் போட்டா இதை?"

"நான்தான் சார். தேதி தப்பா இருக்கா?"

தப்பு என்று சொன்னால் திருத்தம் போட வேண்டும். திருத்தம் போட்டால் சரியான தேதி எது என்று சொல்ல வேண்டும். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் ஏன் என்று கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். எடிட்டர் இதழை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புதிதாக இந்த மாதிரி ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தட்டு எது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் அனுப்பியதானாலும் முதலில் தேதியைக் குத்துங்கள்.

ஒரு வருஷம் கழித்துத் தங்கவயலிலிருந்து இன்னொரு ரிஜிஸ்டர் கவர் வந்தது. பேருக்குப் பின்னால் இப்போதும் ஒன்றுமில்லை. கவரின் மேலேயே கொட்டை எழுத்தில் 'ஒரிஜினல் பேப்பர்' என்று அவரே எழுதியிருந்தார். எடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாம்பை எடுத்துக் குத்தி, முதல் தட்டில் வைத்தேன்.