செம்பூர் செமினாரில் ஒரு கேள்வி

அறுபதுகள் முடியப் போகும் சமயம், ஒரு மே மாதத்தில், செம்பூரில் கல்லூரி ஒன்றின் மாடிக் கூடத்தில் இரண்டு வாரம் ஒரு ஒர்க்‌ஷாப் நடந்தது. கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல்களின் அர்த்தத்தைக் கணிதத்தால் சொல்ல முடியுமா என்பது விஷயம். ஒர்க்‌ஷாப் என்றதும் மாட்டுங்காவில் எங்கள் எதிர் ஃப்ளாட் மாமி, குர்லாவில் ஏதோ பட்டறையில் லேத் ஓட்டப் போகிறேனோ என்று கவலைப்பட்டாள். அக்காவும் அத்திம்பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களோடு தங்கித்தான் நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

துளையிட்ட அட்டைகளைக் கொடுத்தால் இயந்திரம் கணக்கைப் போட்டுவிடும். ஆனால் அந்த நிரலுக்கு அர்த்தம் என்ன? இயந்திரத்தை மறந்துவிட்டு, ஒன்றை வாங்கி இன்னொன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்தான் அதன் அர்த்தம் என்று நான் வைத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்ட மொழியில் ஒரு நிரல் இன்னொரு நிரலை உள்ளே வாங்கிக்கொள்ளும். வேண்டுமானால் தன்னையே வாங்கிக்கொள்ளும். அதற்கெல்லாம் சமன்பாடுகள் எழுதியிருந்தேன். ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. சில நாள் காலையில் எழுந்ததும் அவற்றை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும்.

என் வழிகாட்டியை நாங்கள் சார் என்றே சொல்வோம். ஒர்க்‌ஷாப்பை ஏற்பாடு செய்தவர் அவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கணித அறிஞரிடம் என்னைக் கூட்டிப்போய், இவள் பேசும் நாளில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். நான் பூரித்துப் போனேன்.

என் முறை வந்த அன்று புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறியில் காகிதம் பறக்கிறதென்று அதை வேறு நிறுத்தியிருந்தார்கள். பாதிக்கு மேல் சொல்லி முடித்திருந்தபோது வெளிநாட்டுக்காரர் கையை உயர்த்தினார். குரலில் கடுமை இல்லை. உங்கள் ஃபங்ஷன்கள் எந்த செட்டில், அதாவது எந்தக் கணத்தில், இருக்கின்றன என்று கேட்டார்.

பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கே உறைத்தது. ஒரு செட்டிலிருந்து அதற்கே போகும் ஃபங்ஷன்களை எல்லாம் சேர்த்தால், அந்தக் கூட்டம் அந்த செட்டை விடப் பெரிதாகிவிடும். பி.எஸ்ஸி. மாணவிகளுக்கு நானே நடத்திய பாடம் அது. என் நிரல்கள் தங்களையே உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். அது நடக்காது. அப்படியானால் நான் பலகை முழுக்க எழுதி வைத்திருந்தவை எங்குமே இல்லாதவை.

தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மீதியையும் நான் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாரின் முகம். அதில் கொஞ்சமும் வியப்பு இல்லை.

டீ நேரத்தில் அவர் வராந்தாவின் கோடியில் தனியாக நின்றிருந்தார். போய்க் கேட்டேன்.

"சார், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீ ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே தோணித்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் கோப்பையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். "சொல்லியிருந்தா அன்னிக்கே நீ அதை விட்டிருப்பேம்மா. முடியாதுன்னு தெரியாதவா யாராவது போய்ப் பார்த்தா வழி கிடைக்குமோன்னு நெனச்சேன். வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கறவர்கிட்ட பதில் இருக்குமோன்னும் ஒரு ஆசை."

அந்தக் கேள்வியை வெளிநாட்டுக்காரரிடம் சாரே எழுந்து கேட்டிருக்கலாம். அதை விட்டு என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

குர்லாவில் வண்டி மாறும்போது கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தவறான பிளாட்பாரத்தில் விட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என்னடி, முகமே சரியில்லை" என்றாள். ஒரு தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். "அழிச்சுட்டு மறுபடி போட முடியாதா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் குற்றமில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் போகக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் போனேன். வெளிநாட்டுக்காரரிடம், இதே குறியீடுகளை நீங்களும் பயன்படுத்துகிறீர்களே, உங்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தானும் அவற்றை விதிப்படி மாற்றி எழுதும் வெறும் எழுத்துகளாகத்தான் வைத்திருப்பதாகவும், அர்த்தம் என்று ஒன்றும் கையில் இல்லை என்றும் சொன்னார். அப்படியானால் அந்தக் கூடத்தில் யாரிடமும் பதில் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

மழைக்காலம் தொடங்கியதும் சார் வேறு தலைப்பு கொடுத்தார். தன்னையே உள்ளே வாங்கிக்கொள்ளாத, சாதாரணமான நிரல்கள் சரியானவை என்பதற்கான நிரூபணங்கள். ஒப்புக்கொண்டேன். பட்டமும் கிடைத்தது. நாங்கள் முன்போலவே பேசிக்கொண்டோம். ஆனால் அவர் ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொன்னால், அதில் அவருக்குத் தெரிந்த ஓட்டை எங்கே என்று என் மனம் தேட ஆரம்பித்துவிடும்.

சில வருடங்கள் கழித்து நூலகத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. எல்லா ஃபங்ஷன்களும் வேண்டாம், விடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கக்கூடியவை மட்டும் போதும். அப்படி எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே அளவில் பொருந்தும் இடம் உண்டு என்று அயல்நாட்டில் ஒருவர் காட்டியிருந்தார். நின்றபடியே படித்தேன். முதலில் வந்தது மகிழ்ச்சி. என் சமன்பாடுகள் உண்மை. வழி இருந்தும் நான் விட்டுவிட்டேனே என்ற நினைப்பில் அந்த மகிழ்ச்சி படிக்கட்டு இறங்கும்வரை கூட நிற்கவில்லை.

சார் அதற்கு முன்பே படித்திருந்தார். "நீ எழுதினதெல்லாம் சரிதாம்மா" என்றார். மாணவர்களுக்கு அந்தக் கட்டுரையை நான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"என்னால முடியாது சார்."

இன்னொரு முறை அவருக்காகப் பலகைக்கு முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் அந்த வகுப்பை எடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகவே சொன்னார்.