முன்சீப் எழுதாமல் விட்ட இரண்டரை வருஷம்

சோலைமலையின் மடியில் இரண்டு கடுதாசிகள் இருந்தன. ஒன்றைக் காட்டினால் மற்றதைக் காட்ட முடியாது. அதனால்தான் திண்டுக்கல் ரயிலடி ஓரம், கிடையில் விழுந்த வயசாளிகளைப் பராமரிக்கும் விடுதியின் வாசலில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான். 1962, ஐப்பசி மாதம்.

முதல் கடுதாசி, ஊர் முன்சீப் வேலுசாமி எழுதிய நன்னடத்தைச் சான்று. ஏர் ஓட்டிப் பிழைப்பவன், ஊரைவிட்டுப் போகாதவன், வழக்கு வம்பு இல்லாதவன் என்றிருந்தது. பிழைத்துப் போகட்டும் என்று மனுசன் அளந்துவிட்டார். நிஜம் வேறு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காக வந்த சண்டையில், மண்வெட்டிக் காம்பால் சித்தப்பா மகன் மண்டையைப் பிளந்துவிட்டு இரண்டரை வருஷம் மதுரை ஜெயிலில் கிடந்தவன் சோலைமலை. அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் குளிப்பாட்டினான், புண் கழுவினான், புரட்டிப் போட்டான். அவன் பார்த்த ஒருத்தனுக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படியொரு கை கிடைக்காது; எந்த டாக்டர் முன்னாலும் அடித்துச் சொல்லலாம். ஜெயில் டாக்டரே, அவன் உள்ளே வந்த காரணத்தையும் சேர்த்து, எழுதிக் கொடுத்திருந்தார். அதுதான் இரண்டாவது.

விடுதியை நடத்திய இன்னாசியம்மாள் உள்ளே கூப்பிட்டார். முன்சீப் கடுதாசியை நீட்டினான்.

"நோயாளியப் பாத்த பழக்கம் உண்டா?"

"இல்லம்மா."

"அப்பக் கஷ்டம். பழகாத ஆளு மூணு பேரு வந்து ரெண்டாம் நாளே ஓடிட்டாங்க. நீங்க போயிட்டு வாங்க."

போச்சு. இனி எந்தக் கதவைத் தட்டுவது? அவன் திரும்பும்போதே கூடத்தில் சத்தம். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கிழவர் உடையப்பன் கட்டிலிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். வேலைக்காரம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, கை கழண்டுரும்டீ!" என்று கிழவர் அலறினார்.

சோலைமலை ஒரே எட்டில் போனான். விரிப்பைச் சுருட்டி இடுப்புக்கடியில் கொடுத்து, முட்டியை மடக்கி, தோளை அணைத்து ஒரு புரட்டு. கிழவர் நடுக்கட்டிலில் இருந்தார். முனகல்கூட இல்லை.

இன்னாசியம்மாள் கிட்டே வந்தார். "ஏரு ஓட்டுனவருக்கு இந்த வித்தை எங்க கெடைச்சது?"

அப்பனைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கை மட்டும் தானாக மடிக்குப் போய் இரண்டாவது கடுதாசியை எடுத்துவிட்டது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"மண்டை பொளந்தவரு எப்படி இருக்காரு?"

"உசுரோட இருக்கான்மா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

"அதுக்குப் பெறகு யார்மேலயாவது கை ஓங்குனீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"ஜெயிலுக்குப் போனதுக்காக நான் யாரையும் தள்ளமாட்டேன். அது முடிஞ்ச கதை. இந்தப் பொய்க் கடுதாசி இன்னைக்குக் குடுத்தது, அதுதான் உறுத்துது. இங்க பாதிப் பேருக்கு என்ன நடந்தாலும் சொல்ல வாய் கெடையாது. அதனால எனக்கு எல்லாம் தெரியணும். முன்சீப்புகிட்ட நெசத்தை எழுதி வாங்கிட்டு இன்னைக்கே வாங்க. நாளைக்கு வேற ஆளு வாராரு."

ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் ஏறினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்று மூச்சு வாங்கியது. இறங்கி ஊருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனால், முன்சீப் சாப்பாட்டில் இருந்தார்.

"ஏலே, நல்லவன்னு எழுதச் சொல்லித்தான் ஊரே வரும். ஜெயிலுக்குப் போனான்னு எழுதுங்கன்னு வந்து நிக்கிற மொத ஆளு நீதான். கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"எழுதுங்க மாமா. வண்டி போயிரும்."

"அப்ப நான் பொய் சொன்னேன்னு நானே கையெழுத்துப் போடவா?"

"எம்மேல இரக்கப்பட்டுத்தான போட்டீக? இதையும் அப்படியே போடுங்க."

வேலுசாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவிவிட்டு எழுதினார்: அடித்தான், தண்டனை அனுபவித்தான், வந்தபின் வம்பில்லை, முன்பு எழுதியது தப்பு.

விளக்கேற்றும் நேரம் திரும்பினான். இன்னாசியம்மாள் வாசித்தார்.

"எல்லாருக்கும் போல ஒரு மாசம் பாப்போம். மத்தவங்ககிட்ட நான் சொல்லமாட்டேன். சொல்றதும் விடுறதும் உங்க இஷ்டம்."

தலையாட்டினான். ஆனால் காலையில் பேசியதெல்லாம் நடந்தது உடையப்பன் தலைமாட்டில். கிழவருக்குக் கை கால்தான் விழுந்திருந்தது, காது நன்றாகவே இருந்தது.

"அப்பு, மண்டையப் பொளந்தவன் நீதான?"

கூடத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. சோலைமலை கட்டிலருகே போனான்.

"ஆமாய்யா."

"முதுகு காந்துது. திருப்பு. எம் மண்டை பத்திரம்."