தேவராஜ் போட்ட ஆக்ஸில்

தேவராஜ் அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று காலையில் அவர் மகள் போன் செய்தாள். அழுது முடித்து ஒன்றுதான் கேட்டாள்: “அப்பா போட்ட ஆக்ஸில் எப்படி மாமா ஒடிஞ்சுது?” பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அவரோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் முன்னால் இப்போது சொல்கிறேன்.

அண்ணன் ஐயம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். நான் உற்சவங்களுக்கு விளக்கு போடுகிறவன். சுவாமி புறப்பாட்டின் பின்னால் வரும் ஜெனரேட்டர் வண்டியை அவர்தான் செய்தார். சுவாமி வாசலுக்கு வாசல் நின்று தீபாராதனை ஏற்றுக்கொண்டு வருவதால், அந்த வண்டியை ஆட்கள்தான் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் கனமாகவே போடுங்கள் என்று நான் சொன்னதற்கு முறைத்தார்.

“எல்லாம் கனமா போட்டா தள்றவன் செத்துடுவான்பா. எல்லாம் லேசா போட்டா வண்டி செத்துடும். பாரம் எங்க உக்காருதோ அங்க மட்டும் கனம் போடு.”

இரண்டு சக்கரத்தையும் இணைத்துப் பாரம் தாங்கும் ஆக்ஸிலுக்கு உருட்டு இரும்பு போட்டார். சுற்றிலும் வெறும் கம்பி வலை. நான்கு பேர் கதை பேசிக்கொண்டே தள்ளினார்கள்.

உற்சவக் கமிட்டிக்கு அது கோழிக்கூண்டு மாதிரி இருந்ததாம். வலையைப் பிய்த்துவிட்டுத் தடித்த ஸ்டீல் தகடு அடித்தார்கள். எதற்கு? உபயதாரர் பெயர் வெட்டுவதற்கு! அதற்குப் பிறகு வண்டி நகர மறுத்தது. ஒரு பெயரைக்கூடக் கழற்ற மனசு வராமல், வேறொரு பட்டறையில் கொடுத்து ஆக்ஸிலைக் கழற்றி, அந்த இடத்தில் குழாயைப் போட்டு எடையைக் குறைத்தார்கள். அறிவு கெட்டவர்கள். பார்க்கிற இடத்தில் கனம், தாங்குகிற இடத்தில் லேசு.

ஆக்ஸில் மாறியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை; தகடு மறைத்ததால் அவர் கண்ணிலும் படவில்லை. புறப்பாட்டன்று தகடுகளைப் பார்த்து, “பேரு வந்து பாரத்த தூக்குமாபா?” என்று திட்டியதோடு சரி. ஒரு தெருமுனையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அடியில் போகாதீர்கள் என்று தள்ளியவர்களில் ஒருவர் தடுத்தார். “இன்னாபா பயம்? என் ஆக்ஸில்பா அது” என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து தோள் கொடுத்தார். குழாய் ஒடிந்து ஜெனரேட்டரோடு வண்டி அவர்மேல் உட்கார்ந்தது. எதிர்பாராத விபத்து என்று கமிட்டி பேனர் வைத்திருக்கிறது. அதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

ஆனால் கிழிக்க எனக்கு என்ன யோக்கியதை? கழற்றிய ஆக்ஸிலைக் கமிட்டிக்காரர்கள் பழைய இரும்புக்குப் போடப் போனபோது, மனசு கேட்காமல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். சொன்னால் விளக்கு வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஆக்ஸில் என்று அவர் சொன்னபோது, பத்தடி தூரத்தில் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, துளி வளைவில்லாமல். நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து, உன் அப்பா போட்டது ஒடியவில்லை என்று சொல்லப்போகிறேன். அது எப்படி என்னிடம் வந்தது என்று அவள் கேட்பாள். அதையும் சொல்லத்தான் போகிறேன்.