கருணாகரன் சொன்ன அர்த்தம்

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கருணாகரன் இருபத்தாறு வருடம் தலைமை கிளார்க். மனிதகுலத்துக்கு அவர் ஆற்றிய தொண்டு, மேனேஜரான துரையின் ஆங்கிலத்தைத் தொழிலாளிகளுக்குத் தமிழில் சொன்னது. 'இந்த வருடம் கம்பளி கிடையாது' என்று சர்க்குலர் வந்தால், "நீங்க குளிரத் தாங்கற உறுதிய தொரை பாராட்டறார்" என்பார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பொய் சொன்னார் என்று சொல்லக் கூடாது. பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்தில் தேயிலை விலை கவிழ்ந்தது. சுற்றியிருந்த சிறு விவசாயிகள், தாங்கள் பதிவு செய்திருந்த எஸ்டேட் ஃபேக்டரிக்குப் பாதிக் கொழுந்தும், வேன் கொண்டுவந்து நிறுத்தும் வெளி ஏஜெண்டுக்குப் பாதியும் போட ஆரம்பித்தார்கள். இதைவிடப் பெரிய துரோகம் உலகத்தில் இருப்பதாகக் கருணாகரனுக்குத் தோன்றவில்லை. நிர்வாகமோ எல்லாருடைய கவலையும் தீர ஒரு கலைவிழா அறிவித்தது. விழாத் தலைவர் வேறு யார்?

கோயம்புத்தூரில் காலேஜ் கடைசி வருடம் படித்த அவர் மகள் மனிஷா, விழாவில் ஒரு ஆங்கிலப் பாட்டுப் பாடப் பெயர் கொடுத்தாள். பாட்டில் ஒரு பெண், பதினைந்து வயதில் தனக்குப் பக்கத்துத் தெருப் பையனையும் பிடித்தது, ஒரே குடையில் நடந்த தோழியையும் அதே மாதிரிப் பிடித்தது என்கிறாள். எது நிஜம் என்று கண்ணாடியைக் கேட்கிறாள். இரண்டும்தான் என்று கடைசியில் அவளே சொல்லிக்கொள்கிறாள். ஆறு வருடமாக வீட்டில் சொல்ல முடியாததை இந்தப் பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது மனிஷாவின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் எஸ்டேட் மேடையில் ஆங்கிலப் பாட்டென்றால், முதலில் தலைமை கிளார்க் அர்த்தம் சொல்லியாக வேண்டும்.

பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது நம்ம கொழுந்து விசயமாச்சே."

"எதுங்கப்பா?"

"ரெண்டு பக்கமும் மனசு போகுது, ஒண்ணையும் உட முடியலைங்கறாளே. ரெண்டு எடத்துல எலை போடறவன் கதைதான். காலேஜ் படிக்கற, உனக்கு இது தெரியல பாரு."

"அப்பா, அது மனசப் பத்தினதுங்க. என்னையப் பத்தினதுங்கூட."

"உம்பேர்ல ஒரு செடிகூட இல்லையேம்மா."

விழாவில் மைக்கைப் பிடித்து, இரண்டு ஃபேக்டரிக்கு இலை போட்ட ஒரு பெண், கடைசியில் திருந்திப் பதிவான ஃபேக்டரிக்கே வரும் கதை இது என்று விளக்கினார்.

"வெலை சேத்திக் குடுங்க, நாங்களும் திருந்தறோம்" என்றார் பொன்ராஜ் என்ற விவசாயி. மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மனிஷா பாடி முடித்தாள். கொழுந்துப் பாட்டுக்கு நல்ல கைதட்டல். அவள் இறங்கவில்லை.

"இது எலையப் பத்தின பாட்டில்லைங்க. நானும் அந்தப் புள்ள மாதிரிதான். எனக்குப் பையனையும் புடிக்கும், பொண்ணையும் புடிக்கும். அதைச் சொல்லத்தான் பாடுனேன்."

கருணாகரனின் கை, பழக்க தோஷத்தில், அவளிடமிருந்து மைக்கை வாங்கியது.

"அதாவது, பாப்பா என்ன சொல்ல வருதுன்னா, நிர்வாகத்து மேலயும் தொழிலாளிங்க மேலயும் அதுக்கு ஒரே மாதிரி அன்பு..."

முன்வரிசையில், இருபது வருடம் அவர் சொன்ன அர்த்தங்களைக் கேட்டுக்கொண்டே கொழுந்து பறித்த காளியம்மாள் எழுந்தாள்.

"கிளார்க்கய்யா, புள்ள தமிழ்லதானுங்க சொல்லுச்சு. எங்களுக்கு வெளங்கிருச்சு. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். மைக் மகள் கைக்குத் திரும்பியது. சற்று நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவி சாந்தாமணியின் காதருகே குனிந்தார்.

"புள்ள என்ன சொன்னா?"

"ஊட்டுக்கு வாங்க," என்றாள் சாந்தாமணி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெதுவா அர்த்தஞ் சொல்றேன்."